துணைத் தலைவர் தேர்தல்: சட்டம் சொல்வதும் சொல்லாததும்

கேள்வி: குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்கும் சட்டமன்ற உறுப்பினர்களுக்குத் துணைத் தலைவர் தேர்தலில் வாக்கு இல்லையே, இது மாநிலங்களைப் புறக்கணிப்பது ஆகாதா? (ஈரோடு வாசகர்)

பதில்: அரசியலமைப்புச் சட்டத்தின் 66-வது பிரிவின்படி மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்கள் மட்டுமே குடியரசுத் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குடியரசுத் தலைவரின் அதிகாரம் மாநிலங்கள் வரை நீள்கிறது. துணைத் தலைவரின் வழக்கமான பணியோ மாநிலங்களவையைத் தலைமை தாங்கி நடத்துவது மட்டுமே என்பதால், சட்டமன்றங்களுக்கு இதில் பங்கு தேவையில்லை என்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் விளக்கினார். அந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதே. அதே பிரிவு நியமன உறுப்பினர்களுக்கு இடம் தந்திருப்பதையும் கவனிக்க வேண்டும்: இளையராஜாவைப் போல மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டவர்கள் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்க முடியாது, துணைத் தலைவர் தேர்தலில் வாக்களிக்கலாம்.

கேள்வி: இந்தத் தேர்தலில் கட்சிக் கட்டுப்பாடு உண்டா? படித்தவர்களான எம்.பி.க்களின் வாக்குகள்கூடச் செல்லாமல் போவது எப்படி? (திருச்சி வாசகர்)

பதில்: வாக்கெடுப்பு இரகசியமானது, கட்சிகள் வேண்டுகோள் விடுக்கலாமே தவிர, இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் கொறடா உத்தரவு பிறப்பிக்க இயலாது. வாக்குச் சீட்டில் சின்னமோ முத்திரையோ கிடையாது. தேர்தல் ஆணையம் தரும் பேனாவால், வேட்பாளர் பெயருக்கு எதிரே விருப்ப வரிசையை 1, 2 என்று எண்ணால் எழுத வேண்டும். ‘ஒன்று’ என்று எழுத்தால் எழுதினாலோ, இருவருக்கும் 1 என்று போட்டாலோ, 1 என்பதையே எழுதாமல் விட்டாலோ வாக்கு செல்லாது. 2025 செப்டம்பர் 9 அன்று நடந்த தேர்தலில் பதிவான 767 வாக்குகளில் 15 செல்லாதவை. எஞ்சிய 752-இல் பாதியுடன் ஒன்றைக் கூட்டிய 377 வெற்றிக்குப் போதும் என்ற நிலையில், திருப்பூரைச் சேர்ந்த சி.பி.ராதாகிருஷ்ணன் 452 வாக்குகளும், எதிர்த்துப் போட்டியிட்ட உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி சுதர்சன் ரெட்டி 300 வாக்குகளும் பெற்றனர். ஆதாயம் தரும் பதவியில் இருப்பவர் போட்டியிடக் கூடாது என்றாலும், ஆளுநர் பதவி அந்தத் தடைக்கு விலக்கு என்பதால், ராதாகிருஷ்ணன் மகாராஷ்டிர ஆளுநராக இருந்துகொண்டே களம் கண்டார்.

கேள்வி: துணைத் தலைவர் இடையில் விலகினால் எத்தனை நாட்களுக்குள் தேர்தல் நடத்த வேண்டும்? அதுவரை அவருடைய பணிகளை யார் கவனிப்பார்? (மதுரை வாசகர்)

பதில்: ஐந்தாண்டுப் பதவிக்காலம் இயல்பாக முடிவதாக இருந்தால், முடிவதற்கு முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும். மரணம், விலகல், நீக்கம் ஆகியவற்றால் இடம் காலியானால், 68-வது பிரிவு ‘கூடிய விரைவில்’ என்று மட்டுமே சொல்கிறது. குடியரசுத் தலைவர் பதவி காலியானால் ஆறு மாதங்களுக்குள் நிரப்ப வேண்டும் என்று 62-வது பிரிவு கெடு விதித்திருக்கும்போது, துணைத் தலைவருக்கு மட்டும் அத்தகைய கெடு விதிக்காமல் விட்டது ஒரு குறையே என்பது என் உறுதியான கருத்து. 2025 ஜூலை 21 அன்று ஜகதீப் தன்கர் விலகியபோது ஐம்பது நாட்களில் தேர்தல் முடிந்துவிட்டது உண்மைதான். ஆனால் அந்த வேகம் சட்டத்தின் கட்டாயத்தால் வந்ததன்று. இடையில் தேர்ந்தெடுக்கப்படுபவர், முன்னவர் விட்டுச்சென்ற மீதிக் காலத்துக்கு அல்லாமல் முழு ஐந்தாண்டுகளுக்கும் பதவி வகிப்பார்.

இடைக்காலத்தில் மாநிலங்களவையை, குடியரசுத் துணைத் தலைவரிலிருந்து வேறான, அந்த அவையின் துணைத் தலைவர் நடத்துவார். சிக்கல் எழுவது, குடியரசுத் தலைவர் பதவியும் சேர்ந்து காலியாகும்போதுதான். 1969 மே மாதம் ஜாகிர் உசேன் காலமானதும் குடியரசுத் தலைவர் பொறுப்பை ஏற்ற துணைத் தலைவர் வி.வி.கிரி, தாமே அத்தேர்தலில் போட்டியிட விரும்பி ஜூலையில் விலகினார். அத்தகைய நிலைமைக்கான பதிலை அரசியலமைப்பு நேரடியாகத் தராமல் 70-வது பிரிவில் நாடாளுமன்றத்தின் பொறுப்பில் விட்டிருந்ததால், அந்த ஆண்டே இயற்றப்பட்ட தனிச் சட்டத்தின் துணையோடு உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஹிதயத்துல்லா குடியரசுத் தலைவரின் பணிகளை ஏற்றார். அந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.