அச்சில் தெரியும் பிழை, கோப்பை உள்ளே கொண்டுவரும்போதே நுழைகிறது

கேள்வி: 96 பக்கங்கள் கொண்ட ஆண்டு மலர் ஒன்றை இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் உருவாக்கி வருகிறேன். கட்டுரையாளர்கள் வேர்டில் அனுப்பும் கோப்புகளை உள்ளே கொண்டுவந்தால் சிலவற்றில் தமிழ் எழுத்துகள் சிதறுகின்றன. சிலவற்றில் ஆங்கில எழுத்துகளாகவே வந்து நிற்கின்றன. திரையில் தெளிவாக இருக்கும் படங்கள் தாளில் கட்டம் கட்டமாக விழுகின்றன. முழுக் கோப்பையும் அச்சுக்குக் கொடுத்தால் அச்சுப்பொறி பாதியில் நின்றுவிடுகிறது. மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவியும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: மென்பொருளை மறுபடி நிறுவும் வேலையை இத்துடன் விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்லும் தொல்லைகளில் ஒன்றுகூட அதனால் தீரக்கூடியதாகத் தெரியவில்லை. முதலில், கோளாறு உங்கள் ஆவணத்தில் இருக்கிறதா, அச்சுப்பொறியில் இருக்கிறதா என்பதைப் பிரித்தறிய வேண்டும். அதற்கு எளிய வழி, ஆவணத்தைப் பிடிஎஃப் ஆக்கி, அதில் பயன்படுத்திய எழுத்துருக்கள் நிறுவப்படாத வேறொரு கணினியில் திறந்து 200 விழுக்காடு அளவில் பார்ப்பதுதான். அங்கும் பிழை தெரிந்தால் அது ஆவணத்தின் பிழை. அங்கே சரியாக இருந்து தாளில் மட்டும் கெட்டால் அச்சுப்பொறியையும் கணினியிலிருந்து அதை இயக்கும் டிரைவர் மென்பொருளையும் சந்தேகிக்கலாம். என் அனுபவத்தில் அச்சுப்பொறியின் மேல் போடப்படும் பழிகளில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் ஆவணத்தின் பக்கமே திரும்பிவிடுகின்றன.

எழுத்துச் சிக்கலை எடுத்துக்கொள்வோம். ஒரே சிக்கல்போலத் தோன்றினாலும் உங்களிடம் வந்திருப்பவை இரண்டு வெவ்வேறு நோய்கள். ஆங்கில எழுத்துகளாக நிற்பவை பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளைக் கணினியில் பதிவு செய்யும் பழைய முறையில், தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த முறையில் ‘தமிழ்’ என்ற சொல்லுக்காகக் கோப்பில் பதிவாகியிருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துவது எழுத்துருவின் வேலை. எழுத்துரு இல்லாத கணினியிலோ, வேறு எழுத்துரு ஏறிய பத்தியிலோ போர்வை விலகி ஆங்கிலம் வெளியே தெரிகிறது. உரிய எழுத்துருவை நிறுவினால் இது சரியாகும் என்றாலும், மலர் முழுவதையும் தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறியெண் தரும் யூனிகோடில் கொண்டுபோவதென்றால் கட்டுரையை முதலில் குறியாக்க மாற்றியில் இட்டு மாற்றிவிடுவதே நல்லது. மாற்றும்போது ஓர் எச்சரிக்கை தேவை: இத்தகைய கோப்பில் இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்களைத் தமிழிலிருந்து வேறுபடுத்துவது எழுத்துரு ஒன்றுதான். வடிவமைப்பை எல்லாம் களைந்துவிட்டு வெறும் உரையாக மாற்றினால் ஆங்கிலப் பெயர்களும் சேர்ந்து பொருளற்ற தமிழாகிவிடும். ஆகவே ஆங்கிலச் சொற்களை முன்னதாகவே அடையாளமிட்டுத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குறியாக்கத்துக்கு வேர்டின் தானியங்கித் திருத்தம் ஒரு பகைவன். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், சிறிய ஜே பெரிய ஜே ஆகிவிடும். பாமினியில் சிறியது ‘த’, பெரியது ‘து’. அதனால்தான் முற்றுப்புள்ளிக்கு அடுத்து வரும் ‘தமிழ்’ மட்டும் ‘துமிழ்’ ஆகி நிற்பதைப் பார்க்கிறோம். மெய்ப்புப் பார்ப்பவர் இதைத் தட்டச்சுப் பிழை என்று எண்ணித் திருத்திக்கொண்டே போவார். மூலக் காரணம் கட்டுரையாளரின் கணினியில் இருக்கும்.

சிதறும் எழுத்துகளின் கதை வேறு. யூனிகோடில் ‘கொ’ என்பது க என்ற எழுத்தும் அதன் பின் வரும் ஒகரக் குறியுமாகவே சேமிக்கப்படுகிறது. ஒற்றைக்கொம்பை எடுத்து ககரத்துக்கு முன்னும் காலை அதற்குப் பின்னும் வைப்பது காட்டும் நேரத்தில் நடக்கும் வேலை. இன்டிசைனில் எழுத்துகளை வரிகளாக அடுக்கும் பகுதிக்குக் கம்போசர் என்று பெயர்; அந்த வேலையைச் செய்வது வேர்ல்டு ரெடி கம்போசர். பத்திக்கு வேறு கம்போசர் தேர்வாகியிருந்தால் கொம்பு இடம் மாறாமல் ககரத்துக்குப் பின்னாலேயே தொங்கும். பத்தியைத் தேர்ந்தெடுத்து மாற்றுவது அப்போதைக்குத்தான் உதவும். பத்தியின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் பேரகிராஃப் ஸ்டைலின் ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்து வைத்தால்தான் 96 பக்கங்களுக்கும் அது நிலைக்கும். வேர்டு கோப்பு தன்னுடைய ஸ்டைல்களையும் கூடவே இழுத்து வருவதால், கோப்பை உள்ளே கொண்டுவரும் பிளேஸ் கட்டளையின்போது ஷோ இம்போர்ட் ஆப்ஷன்ஸ் என்பதைக் குறியிட்டு, வருகிற ஸ்டைல்கள் உங்கள் ஸ்டைல்களோடு எப்படிப் பொருந்த வேண்டும் என்பதை அங்கேயே தீர்மானித்துவிடுங்கள். பழைய குறியாக்கத்திலேயே ஒரு கட்டுரையை வைத்துக்கொள்வதானால், மேற்கோள் குறிகளை அழகுபடுத்தும் தேர்வை அதே பெட்டியில் எடுத்துவிடுவது பாதுகாப்பு.

பேஜ்மேக்கர் என்ற பழைய வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு இவ்வளவு தேடல் வேண்டியதில்லை. அந்த மென்பொருளுக்கு யூனிகோடே தெரியாது. பழைய குறியாக்கத்துக்கு மாற்றிக்கொண்டுதான் உள்ளே போக முடியும். இன்டிசைனின் புதிய பதிப்பில் பழைய எழுத்துரு திடீரெனக் காணாமல் போயிருந்தால், அது டைப் 1 என்ற பழைய எழுத்துரு வகையைச் சேர்ந்ததா என்று பாருங்கள். அவ்வகைக்கான ஆதரவை அடோபி 2023 ஜனவரியோடு நிறுத்திக்கொண்டது.

படங்களுக்கு வருவோம். பக்கத்தில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ஒரு முன்னோட்டம் மட்டுமே. உண்மையான படம் அதன் கோப்புறையில் இருக்கிறது, ஆவணம் அதன் முகவரியை நினைவில் வைத்திருக்கிறது. கோப்புறையின் பெயரை மாற்றினாலோ, பென் டிரைவிலிருந்து நேராக வைத்துவிட்டு டிரைவைக் கழற்றினாலோ முகவரி பொய்யாகி, அச்சுக்கு அந்த முன்னோட்டமே போய்ச் சேர்கிறது. லிங்க்ஸ் பலகையில் சிவப்பு வட்டத்துக்குள் கேள்விக்குறி இருந்தால் இணைப்பு அறுந்துவிட்டது என்று பொருள். மஞ்சள் முக்கோணம் இருந்தால் படம் பின்னர் திருத்தப்பட்டிருக்கிறது.

இணைப்பெல்லாம் சரியாக இருந்தும் கட்டம் தெரிந்தால், அதே பலகையில் எஃபெக்டிவ் பிபிஐ என்ற எண்ணை, அதாவது ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல்கள் என்பதை, பாருங்கள். 1,200 பிக்சல் அகலமுள்ள படம் 4 அங்குல அகலத்தில் 300 பிபிஐ தரும். அதையே 8 அங்குலத்துக்கு இழுத்தால் 150தான். ஃபோட்டோஷாப்பில் 300 என்று எண்ணை மட்டும் ஏற்றி வைப்பதால் இல்லாத விவரம் பிறந்துவிடாது. கட்டுரையாளர் வேர்டுக்குள்ளேயே படத்தை ஒட்டி அனுப்பியிருந்தால், கோப்பின் பிரதி ஒன்றின் டாக்எக்ஸ் என்ற பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து, உள்ளே மீடியா என்ற கோப்புறையிலிருந்து படங்களை எடுக்கலாம். ஆனால் வேர்டு சேமிக்கும்போதே படங்களைச் சுருக்கும் இயல்புடையது என்பதால், மூலப் படத்தைக் கேட்டு வாங்குவதுதான் சரி.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லியாக வேண்டும். நிறங்களைப் பட்டியலிடும் ஸ்வாட்ச்சஸ் பலகையில் வேர்டு என்று தொடங்கி ஆர், ஜி, பி ஆகிய எழுத்துகளும் சுழியங்களுமாக முடியும் ஒரு நிறம் வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது வேர்டிலிருந்து வந்த கறுப்பு. பார்வைக்குக் கறுப்பாக இருந்தாலும் நான்கு வண்ணங்களாகப் பிரியும்போது அது வண்ணத்துக்கு ஒன்றான நான்கு அச்சுத் தகடுகளிலும் விழும். தகடுகள் ஒரு மயிரிழை விலகினாலும் சிறிய எழுத்துகளின் விளிம்பில் வண்ண நிழல் தட்டும். அந்த நிறத்தை நீக்கி, மாற்று நிறமாக மென்பொருளின் சொந்தக் கறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

இனி, பாதியில் நிற்கும் அச்சு. அச்சிடும் பெட்டியில் கிராஃபிக்ஸ் பிரிவில் சென்ட் டேட்டா என்ற இடத்தில் பிராக்சி தேர்வாகியிருந்தால் படங்கள் மங்கலாகத்தான் வரும். ஆல் என்று மாற்றுங்கள். அதன் பிறகும் அச்சு நின்றால் பிடிஎஃப் ஆக்கி, அக்ரோபாட்டின் அச்சுப் பெட்டியில் அட்வான்ஸ்டு பொத்தானுக்குள் இருக்கும் பிரின்ட் ஆஸ் இமேஜ் வழியாக அனுப்பிப் பாருங்கள். அப்போது முழுமையாக வந்தால், அச்சுப்பொறியின் நினைவகத்தாலோ டிரைவராலோ விழுங்க முடியாத எழுத்துருவோ படமோ எங்கோ இருக்கிறது. சிலர் இதற்குப் பயந்து எல்லா எழுத்துகளையும் கர்வ், அதாவது வெறும் கோட்டு உருவங்கள், ஆக்கிவிடுகிறார்கள்; சிறிய எழுத்துகள் தடித்துப்போவதோடு, ஒரு புள்ளியைத் திருத்தவும் பழைய கோப்பைத் தேட வேண்டியிருக்கும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

குற்றவாளிப் பக்கத்தைப் பிடிக்கப் பாதி பாதியாக அச்சிடுங்கள். முதல் 48 பக்கங்கள் ஒழுங்காக வந்தால் கோளாறு பின்பாதியில் இருக்கிறது. அதில் 24, பிறகு 12 என்று குறுக்கிக்கொண்டே போனால் ஏழு முறைக்குள் ஒரே ஒரு பக்கத்தில் வந்து நிற்பீர்கள். நான் ஒருமுறை அரைநாள் அச்சுப்பொறியோடு மல்லுக்கட்டிய பின் இப்படித் தேடியபோது சிக்கியது, பக்க மூலையில் கட்டைவிரல் நகமளவே இருந்த ஒரு சின்னம். அதன் கோப்பு பழுதாகியிருந்தது. அத்தகைய படத்தை ஃபோட்டோஷாப்பில் திறந்து டிஃப் கோப்பாகப் புதுப் பெயரில் சேமித்து மீண்டும் வையுங்கள். படம் எதுவும் காரணமில்லை என்று தெரிந்தால், ஆவணத்தை இன்டிசைனின் பரிமாற்றக் கோப்பு வடிவமான ஐடிஎம்எல் ஆகச் சேமித்து, அதையே திறந்து புதிய பெயரில் சேமித்து அச்சிட்டுப் பாருங்கள்.