கொட்டைக்குள் போன வைரஸ்

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் பகாவில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். மனித மரபணுத்தொகுதியில் சுமார் 8 விழுக்காடு பழைய வைரஸ்களின் மிச்சம் என்று நீங்கள் எழுதியதை வகுப்பில் சொன்னேன். "அப்படியென்றால் நாம் வைரஸிலிருந்து பிறந்தவர்களா டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். "நிப்பாவும் நம் ரத்தத்தில் வழிவழியாக வருமா?" என்றான் இன்னொருவன். அவன் தாத்தா, நிப்பா வைரஸ் பரவிய புக்கிட் பெலாண்டோக் பக்கம் இருந்தவராம். என்ன பதில் சொல்ல?

– ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

பையனுக்கு முதலில் சொல்லுங்கள். 1998-99இல் அங்கே பரவிய நிப்பா அவன் வீட்டில் வெறும் பாடமாக இருந்திருக்காது.

பால்மரத்தில் வெட்டிய கோடு பட்டையில் நிற்கும். அதே மரத்தின் கொட்டை விழுந்து முளைத்தால் கன்றில் அந்தக் கோடு இருக்காது. நோய்த்தொற்றும் பெரும்பாலும் அப்படித்தான். பரம்பரையாக வர, வைரஸ் கொட்டைக்குள்ளேயே போக வேண்டும். அதாவது கருமுட்டையிலோ விந்தணுவிலோ புகுந்து, அதன் டிஎன்ஏவில் தன்னைச் சேர்த்துவிட வேண்டும். ரெட்ரோவைரஸ்கள் என்ற வகைக்கு அந்த வித்தை தெரியும். நிப்பாவிடம் அதற்கான கருவி கிடையாது. தாத்தாவுக்கே வந்திருந்தாலும் பேரனுக்கு மரபணு வழியாக இறங்காது.

அந்த மாணவிக்கும் பதில் 'இல்லை' என்பதுதான். நம் முன்னோர் விலங்குகள் ஏற்கெனவே இருந்தன. வைரஸ் பிறகு உள்ளே வந்தது. அந்த 8 விழுக்காட்டில் பெரும்பகுதி உடைந்து செயலிழந்து கிடக்கிறது. பல துண்டுகள் சிம்பன்சியிடமும் அதே இடத்தில் இருக்கின்றன, பொது மூதாதைக்கு வந்த தொற்று என்பதால். இதைவிட நல்ல பரிணாமச் சான்றை வகுப்பில் காட்ட முடியாது என்பேன்.

ஆனால் சில துண்டுகளை உடல் வேலைக்கு எடுத்துக்கொண்டது. வைரஸ் உயிரணுவோடு ஒட்டி உள்ளே நுழையப் பயன்படுத்திய புரதத்தின் மரபணு ஒன்று, இன்று நஞ்சுக்கொடியில் உயிரணுக்களை ஒன்றோடொன்று இணைக்கிறது. சின்சிட்டின் என்று பெயர், 2000இல் கண்டறிந்தார்கள். எலிகளுக்கு அதே வேலையை வேறொரு வைரஸின் மரபணு செய்கிறது. அதை நீக்கினால் குட்டி கருவிலேயே இறந்துவிடுகிறது. வேறு வேறு விலங்குகள், வேறு வேறு வைரஸ்கள், ஒரே வேலை! எனக்கு இன்னும் பிரமிப்பு தீரவில்லை.

இது பழங்கதையும் இல்லை. ஆஸ்திரேலியக் கோலாக்களில் ஒரு ரெட்ரோவைரஸ் இப்போதுதான் பரம்பரைக்குள் நுழைந்துகொண்டிருக்கிறது. வடக்கே ஏறக்குறைய எல்லாக் கோலாக்களுக்கும் பிறக்கும்போதே அது உண்டு. தெற்கே நிலைமை வேறு.

அப்புறம், அவள் அடுத்து "வைரஸ் முதலில் எப்படி வந்தது?" என்று கேட்பாள். இந்தத் துண்டுகள் தொற்று நடந்த காலத்தைச் சொல்லும், வைரஸ் பிறந்த காலத்தை அல்ல. உயிரணுக்களுக்கு முன்பே இருந்தனவா, உயிரணுவிலிருந்து தப்பிய மரபணுக்களா, சுருங்கிப்போன ஒட்டுண்ணிகளா என்று மூன்று கருத்துகள் இருக்கின்றன. எல்லா வைரஸ்களுக்கும் ஒரே பிறப்பு இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.