லத்தீன் இசையில் உங்களுக்கு மிகவும் பிடித்த பியானோ கலைஞர் யார், ஏன்?

லாரி ஹார்லோ. யோசிக்காமல் சொல்வேன். எடி பால்மியேரி என்ற இன்னொரு நியூயார்க் பியானோ மேதையை விட்டுவிட்டு இவரையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வாசிப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் எடி ஒரு படி மேல்தான், அதில் எனக்கு மறுபேச்சு கிடையாது. ஆனால் ஹார்லோ செய்த இன்னொரு காரியம் இருக்கிறது. தனக்கு முன்னால் வாசித்தவர்களையும் பாடியவர்களையும் தேடிப்போய் நடுமேடையில் நிறுத்தினார். எனக்கு அவர் மேல் உள்ள மரியாதையில் பாதி அதனால்தான்.

இயற்பெயர் லாரன்ஸ் ஐரா கான். 1939-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா இரவு விடுதிகளில் இசைக்குழு நடத்தியவர், அம்மா ஓபரா பாடகி. ஹார்லோ என்பது அப்பாவின் மேடைப்பெயரிலிருந்து வந்தது. அவர் படித்த இசைப் பள்ளி ஹார்லெம் பக்கம் ஒரு மேட்டில் இருந்தது. தினமும் சுரங்க ரயிலில் வந்து இறங்கி மேட்டில் ஏறிப் போகும்போது, போர்ட்டோ ரிக்கோக்காரர்களின் மளிகைக் கடைகளிலிருந்து இந்த இசை தெருவில் வந்து விழும். அந்தப் பையனுக்கு ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் பிடித்துக்கொண்டது.

பள்ளியில் ஒரு லத்தீன் குழுவில் பியானோ வாசிக்கப் போனார். நோட்ஸைப் பார்த்து வாசித்தவரை ஒன்றுமில்லை, தனி ஆவர்த்தனம் மாதிரி ஒரு இடம் வந்தபோது வாசித்ததைக் கேட்டுவிட்டு குழுவை நடத்தியவர் மட்டம் என்று நேராகவே சொல்லிவிட்டார். கான் பையன் கோபித்துக்கொண்டு போகவில்லை, ரெக்கார்டுகளை வாங்கி வந்து ஒவ்வொரு சுரமாகக் கேட்டுக் கேட்டு வாசித்துப் பழகினார். அதுவும் போதாது என்று 1950-களின் பிற்பாதியில் கியூபாவுக்கே போய், டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு குழு குழுவாகப் போய்ப் பதிவு செய்துகொண்டு திரிந்தார். புரட்சி வந்ததும் திரும்பிவிட்டார். அதற்குள் வேண்டியது கைக்கு வந்துவிட்டது.

அது என்ன வேண்டியது? நானும் கீபோர்டு வாசிக்கிறவன்தான், எனக்கு இது புரிய நாளாயிற்று. கைதட்டிப் பாருங்கள், தெரியும். ஒன்றிலிருந்து பதினாறு வரை சீராக எண்ணி 1, 4, 7, 11, 13 என்ற எண்களில் மட்டும் தட்டுங்கள். இதுதான் க்ளாவே. முதல் பாதியில் மூன்று தட்டு, அடுத்த பாதியில் இரண்டு. மொத்த இசையும் இந்த ஐந்து தட்டில்தான் நிற்கிறது, யாருமே அதைத் தட்டாதபோதும் எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டுத்தான் வாசிக்கிறார்கள். பியானோவில் வலது கையும் இடது கையும் ஒரே வடிவத்தை எட்டு சுரம் தள்ளி வாசிக்கும், திரும்பத் திரும்ப, இதற்கு மொந்துனோ என்று பெயர். இங்கே பியானோ ஒரு தாள வாத்தியம். பாதி தட்டு தள்ளிப்போனாலும் காங்கா என்ற உயரமான கை மேளத்தை வாசிப்பவர் திரும்பிப் பார்ப்பார். வேகமான விரல் இருந்தும் இந்த இடத்தில் விழுந்துவிடுபவர்கள் நிறைய. ஹார்லோவின் மொந்துனோவில் அந்த அழுத்தம் ஆணி அடித்த மாதிரி இருக்கும். முதல் ஆறு மாதம் அவர் ரெக்கார்டைப் போட்டுவிட்டு கீபோர்டைத் தொடாமல் கைதட்டிக்கொண்டு மட்டும் இருந்தேன்.

ஃபானியா என்ற ரெக்கார்டு கம்பெனி 1964-இல் தொடங்கியது. ஜானி பச்சேகோ என்ற டொமினிகன் புல்லாங்குழல் கலைஞரும், ஜெர்ரி மசூச்சி என்ற வழக்கறிஞரும் சேர்ந்து தொடங்கி, ஆரம்பத்தில் கார் டிக்கியில் ரெக்கார்டுகளை வைத்துக் கடை கடையாக விற்றார்கள். அங்கே மிக ஆரம்பத்திலேயே சேர்ந்த குழுக்களில் ஒன்று ஹார்லோவுடையது. ட்ரம்பெட்டும் ட்ரோம்போனும் சேர்ந்து முழங்கும் குழு, இஸ்மாயில் மிராண்டா என்ற இளைஞர் முன்னால் நின்று பாடுவார். குழுவை நடத்தியதோடு நிற்காமல், மற்றவர்களின் ஆல்பங்களையும் தயாரிக்கும் வேலையை எடுத்துக்கொண்டார். ஃபானியாவுக்கு அவர் தயாரித்துக் கொடுத்தவை 200-க்கும் மேல் என்பார்கள். சல்சா என்று உலகம் இன்று சொல்கிற ஒலியில் அவர் கை படாத மூலை குறைவு.

அவருடைய பட்டப்பெயர் 'எல் ஹூதியோ மாராவில்யோசோ', அதாவது அற்புத யூதன். இதற்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார். அர்செனியோ ரோட்ரிகஸ், கியூபாக்காரர், கண் பார்வை இல்லாதவர், ட்ரெஸ் என்ற கிதார் வகை வாத்தியத்தில் மன்னர். அவரை 'அற்புதக் குருடர்' என்பார்கள். சொன் என்ற பழைய கியூபா இசையை வாசிக்கும் குழுவில் பியானோவையும் காங்காவையும் கூடுதல் ட்ரம்பெட்டையும் சேர்த்து அதைப் பெரிதாக்கியவர் அவர். அவர் இல்லாமல் சல்சா இல்லை. 1970-இன் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸில் அவர் இறந்தபோது கையில் காசும் இல்லை, வெளியில் பேச்சும் இல்லை. ஹார்லோ உடனே அவருடைய பாடல்களை எடுத்து ஒரு முழு அஞ்சலி ஆல்பமே போட்டார். பட்டப்பெயரே அந்தப் பெரியவர் பெயரை ஒட்டி வந்தது என்பதால், ஒவ்வொரு முறை ஹார்லோவை அறிவிக்கும்போதும் அர்செனியோவும் கூடவே மேடைக்கு வந்துவிடுகிறார்.

அப்புறம் சீலியா க்ரூஸ். 1973-இல் ஹார்லோ 'ஹோமி' என்று ஒரு லத்தீன் ஓபரா செய்து கார்னகி ஹாலில் அரங்கேற்றினார். தி ஹூ என்ற ஆங்கில ராக் குழுவின் 'டாமி' என்ற ராக் ஓபராவைப் பார்த்து வந்த எண்ணம்தான், ஆனால் இங்கே காது கேளாத, பேசாத, பார்க்காத பையன் தாள வாத்தியத்தில் மேதையாகிறான். அதில் ஒரே ஒரு பாட்டுக்கு சீலியாவை அழைத்தார். கியூபாவில் கொடிகட்டிப் பறந்தவர், நியூயார்க் இளைஞர்களுக்கு அப்போது பழைய தலைமுறைப் பாடகி. அந்த ஒரு பாட்டு நிலைமையை மாற்றியது. அடுத்த ஆண்டே பச்சேகோவுடன் அவருடைய ஆல்பம் வந்து, சல்சாவின் ராணி என்று உலகம் சொல்ல ஆரம்பித்தது. சீலியாவைப் பற்றி ஆயிரம் பேர் எழுதுகிறார்கள், அந்தக் கதவைத் திறந்தவரை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். 1977-இல் வந்த 'லா ராசா லத்தீனா' ஆப்பிரிக்காவிலிருந்து நியூயார்க் வரை இந்த இசை வந்த வழியைச் சொல்லும் பெரிய முயற்சி, ஆனால் நடுவில் கொஞ்சம் தொய்கிறது. சிங் சிங் சிறையில் கைதிகள் முன்னால் வாசித்த பதிவுதான் என்னைப் பொறுத்தவரை அவருடைய குழுவின் நிஜமான சூடு. கிராமி விருதில் லத்தீன் இசைக்கு தனிப் பிரிவு வேண்டும் என்று போராடியவர்களில் அவரும் ஒருவர். பிரிவு வந்ததும் முதல் விருது 1976-இல் எடி பால்மியேரிக்குப் போனது. ஹார்லோவுக்கு லத்தீன் கிராமி கௌரவம் கிடைக்க 2008 ஆகிவிட்டது. 2021 ஆகஸ்டில் 82 வயதில் நியூயார்க்கிலேயே காலமானார்.

புதிதாகக் கேட்பவர்கள் 1974-இல் வந்த 'சல்சா' ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள், சரியா? அதில் 'லா கார்த்தேரா' பாட்டு. முதல் தடவை பாடகரைக் கேளுங்கள். இரண்டாவது தடவை குரலை விட்டுவிட்டு, அடியில் ஓடும் பியானோவை மட்டும் பிடித்துக்கொண்டு அந்த ஐந்து தட்டைத் தட்டிக்கொண்டே வாருங்கள். எங்கேயாவது விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து போடுங்கள், நான் அப்படித்தான் செய்தேன்.