தாமதமாகப் பத்திரம் சரி, முன்பணம் இல்லாமல் வேண்டாம்

தம்பி, மெல்பர்னுக்கு வந்த கையோடு பழைய வண்ணாரப்பேட்டை வீட்டை விற்கும் பொறுப்பும் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. தன் மணலி மனை விற்றதும் ஒரு வருடத்தில் முழுப் பணமும் தருவதாக வாங்குபவர் சொல்கிறார். முன்பணம் கிடையாது, ஆனால் கிரய ஒப்பந்தத்தை இப்போதே பதிந்து, சாவியும் தர வேண்டுமாம். ஆஸ்திரேலியாவிலும் ஒப்பந்தம் போட்டுச் சில மாதம் கழித்துத்தானே முடிக்கிறார்கள், அதுபோல் செய்யலாமா என்று கேட்கிறீர்கள். செய்யாதீர்கள்.

இங்கே 30 முதல் 90 நாள் இடைவெளி சாதாரணம்தான். ஆனால் வாங்குபவர் வழக்கமாக விலையில் 10 சதவீதத்தை முதலிலேயே கட்டுகிறார். பின்வாங்கினால் அதை இழப்பார். முழுத் தொகை வந்த பிறகுதான் சாவி கைமாறும். உங்களிடம் வந்தவர் தாமதத்தை மட்டும் கேட்கிறார்; விற்பவருக்கான இந்த இரண்டு பாதுகாப்பும் அதில் இல்லை.

நம் ஊரில் இது இன்னும் ஆபத்து. ஒரு ரூபாய்கூட வாங்காவிட்டாலும் நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் உங்களைக் கட்டும். பதிந்துவிட்டால் வில்லங்கச் சான்றிதழில் ஏறும்; வேறு யாரும் வாங்கத் தயங்குவார்கள். விலை ஏறினால் அவருக்கு லாபம், இறங்கினால் அவர் விலகிக்கொள்ளலாம். குறித்த தேதி தாண்டியும் 3 ஆண்டுகளுக்குள் அவர் வழக்குப் போட முடியும். சாவியையும் கொடுத்துவிட்டால், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 53ஏ பிரிவைக் காட்டி, மீதியைத் தரத் தயார் என்று சொல்லியபடியே உள்ளே இருப்பார். உரிமையியல் நீதிமன்றப் படியேற நீங்கள் மெல்பர்னிலிருந்து பறக்க வேண்டும்.

அப்பாவுக்குப் பல வருடமாகத் தெரிந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். ராயபுரத்தில் வளர்ந்தவன் நான்; அந்த மரியாதை எனக்குப் புரியும். ஆனால் நாளை அவருக்கு ஒன்று ஆகிவிட்டால், நீங்கள் பேச வேண்டியது உங்களை அறியாத அவருடைய வாரிசுகளிடம்.

ஆறு மாத அவகாசம் தாருங்கள். உங்களுக்கும் அது தேவைப்படும். உங்கள் சார்பில் ஊரில் ஒருவர் கையெழுத்திட, இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரம் சென்னைக்குப் போய்ச் சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டப்பட வேண்டும். வருமானவரிக் கணக்கில் நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால், வாங்குபவர் விலையிலிருந்து பிடித்து அரசுக்குக் கட்டும் வரியில், உள்ளூர்க்காரர்களுக்கான 1 சதவீதம் உங்களுக்குப் பொருந்தாது. பிடித்தம் கூடுதலாகவே இருக்கும். குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.

10 சதவீதம் வங்கி வழியாக வரட்டும். அது ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்கான உறுதித்தொகை என்றும், தவறினால் திரும்பக் கிடைக்காது என்றும் வழக்கறிஞரை வைத்துத் தெளிவாக எழுதுங்கள். சாவி, பத்திரப் பதிவு நாளில்தான்.

அவ்வளவு பணம் இப்போது புரட்ட முடியாது என்றால், எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். மணலி மனை விற்றதும் வாருங்கள், அதுவரை எங்கள் வீடு விற்காமல் இருந்தால் உங்களுக்கே தருகிறோம் என்று அப்பாவையே சொல்லச் சொல்லுங்கள்.