ஒரே கூரைக்குக் கீழே வேறு வேறு கதைகள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி (கோவை வாசகி): வெவ்வேறு நாவல்களிலும் திரைப்படங்களிலும் வந்த கதைமாந்தர்கள் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் அறையைப் பகிர்ந்துகொண்டு குடித்தனம் நடத்துவதாக இணையத்தில் நகைச்சுவைப் படக்கதைகள் வருகின்றன. என் மகள் அவற்றை விழுந்து விழுந்து சிரித்தபடி படிக்கிறாள். எனக்கோ, பெரிய எழுத்தாளர்கள் படைத்த மனிதர்களை வாடகைக்கும் குளியலறைக்கும் சண்டையிட வைப்பது அவர்களைச் சிறுமைப்படுத்துவதாகத் தோன்றுகிறது. தங்கள் கருத்து என்ன?

பதில்: தங்கள் மகள் படிப்பது ‘ரூம்மேட்ஸ்’ என்ற ஆங்கில இணையப் படக்கதையாகவோ, அதன் உடன்பிறப்பான ‘கேர்ள்ஸ் நெக்ஸ்ட் டோர்’ கதையாகவோ இருக்கக்கூடும். இரண்டுமே ‘டீவியன்ட்ஆர்ட்’ தளத்தில் ரசிகர்கள் வரைந்து வெளியிட்டவை. விக்டர் ஹ்யூகோவின் ‘லே மிசராப்ள்’ (1862) நாவலில் வரும் காவல் அதிகாரி ஜாவேர், காஸ்தோன் லெரூவின் ‘தி ஃபேன்டம் ஆஃப் தி ஓப்ரா’ நாவலில் பாரிஸ் ஓப்ரா அரங்கின் நிலவறையில் ஒளிந்து வாழும் முகமூடி மனிதன் எரிக், 1986-இல் வெளியான ‘லாபிரிந்த்’ திரைப்படத்தின் பூத அரசன் ஜாரெத், ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ படங்களின் கடற்படை அதிகாரி நாரிங்டன் ஆகியோர் முதல் கதையில் ஒரே கட்டடத்துக்குக் குடிவருகிறார்கள். எரிக்கும் ஜாரெத்தும் தத்தம் மூலக்கதைகளில் விடாமல் பின்தொடர்ந்த கிறிஸ்டீனும் சாராவும், இரண்டாவது கதையில் அதே கட்டடத்தின் அறைத்தோழிகள்.

இது சிறுமைப்படுத்துவது அன்று என்பதே என் உறுதியான கருத்து. ஒரு கதைமாந்தர் எந்த அளவுக்கு ஆழமாகப் படைக்கப்பட்டவர் என்பதை அறிய, அவரை அவருடைய கதையிலிருந்து பெயர்த்தெடுத்து ஒரு சாதாரண வீட்டில் குடிவைப்பதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை. ஜாவேரை எண்ணிப் பாருங்கள். சட்டம் ஒன்றே அவருக்கு உலகம். தாம் ஆண்டுக்கணக்கில் துரத்திய ழான் வால்ழான் தம் உயிரைக் காப்பாற்றி விடுகிறான் என்ற உண்மையைச் சட்டத்துக்குள் அடக்க முடியாமல்தான் அவர் செய்ன் ஆற்றில் விழுந்து உயிரை விடுகிறார். ஹ்யூகோவின் கையில் அவரை அழித்த அதே வளைந்துகொடுக்காத குணம், நான்கு பேர் சேர்ந்து வாழும் வீட்டில் யார் எந்த நாளில் சமையலறையைத் துடைப்பது என்ற அட்டவணையைச் சட்டப் புத்தகமாகவே மதிக்க வைக்கும். குணம் ஒன்றுதான், இடம் மாறியதால் துயரம் சிரிப்பாகிறது. மூலத்தை ஊன்றிப் படிக்காத ஒருவரால் இந்தச் சிரிப்பை வரவழைக்கவே முடியாது. உங்கள் மகள் இந்தக் கதையிலிருந்து ஹ்யூகோவின் நாவலுக்குப் போனால் அதைத் தடுக்காதீர்கள்; இத்தகைய படக்கதைகளால் விளையும் பெரிய நன்மை அதுவே.

வாடகைச் சிக்கல் பெரிய இலக்கியத்துக்குப் புதிதும் அன்று. 1887-இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலின் தொடக்கத்தை மறந்துவிட வேண்டாம். ஆப்கானிஸ்தான் போரில் காயமுற்றுத் திரும்பிய மருத்துவர் வாட்சனுக்கு லண்டனில் தனியாக வீடு எடுக்க வசதியில்லை. ஹோம்ஸுக்கும் பேக்கர் தெரு வீட்டின் வாடகையைப் பகிர்ந்துகொள்ள ஓர் ஆள் தேவை. குடிபுகுமுன் இருவரும் தங்கள் குறைகளை ஒருவருக்கொருவர் சொல்லிவிடுகிறார்கள். காரமான புகையிலை பிடிப்பேன், ரசாயனச் சோதனைகள் செய்வேன், சில நாள்கள் வாயே திறக்காமல் இருப்பேன் என்கிறார் ஹோம்ஸ்; நேரங்கெட்ட நேரத்தில் எழுவேன், மிகவும் சோம்பேறி, சத்தம் ஆகாது என்கிறார் வாட்சன். பிந்திய ஒரு சிறுகதையில் ஹோம்ஸ் புகையிலையைப் பாரசீகச் செருப்பின் முனையில் வைத்திருப்பதையும், வீட்டுச் சுவரில் துப்பாக்கிக் குண்டுகளால் விக்டோரியா மகாராணியின் முதலெழுத்துகளைப் பொறித்திருப்பதையும் வாட்சன் ஆற்றாமையோடு எழுதுகிறார். உலகின் தலைசிறந்த துப்பறிவாளர் நம் மனத்தில் மனிதராக நிற்பதற்கு இந்த அறைத்தோழரின் ஆற்றாமை பெரிய காரணம்.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): ஒரு கட்டடம் முழுவதையும் ஒரே பக்கத்தில் வரைந்து, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வேடிக்கையைக் காட்டும் உத்தி எங்கிருந்து வந்தது?

பதில்: இந்த உத்தியை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் பிரான்சிஸ்கோ இபான்யெஸ் (1936–2023). ‘மோர்த்தாதெலோ – பிலெமோன்’ என்ற துப்பறியும் இணையைப் படைத்தவரும் இவரே. 1961-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ‘தியோ விவோ’ என்ற இதழில் ‘13, ரூ தெல் பெர்செபே’ என்ற ஒரு பக்கத் தொடரை அவர் தொடங்கினார். முன்சுவரை நீக்கிவிட்டால் ஒரு கட்டடம் எப்படித் தெரியுமோ, அப்படியே ஒரு முழுப் பக்கம். ஒவ்வொரு அறையும் ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தனி நகைச்சுவை.

கீழே எடையில் ஏமாற்றும் மளிகைக்கடைக்காரரும், வம்பு பேசும் வாயிற்காவல் அம்மையாரும், வீடு கிடைக்காமல் சாக்கடைக்குள்ளேயே குடியிருப்பவரும் இருக்கிறார்கள். அதற்கு மேலே ஒரு கால்நடை மருத்துவரும், இடமே இல்லாத விடுதியில் இன்னும் ஆள் சேர்க்கும் கஞ்சப் பெண்மணியும். இன்னும் மேலே ஒரு திருடனின் குடும்பம், அடங்காத பிள்ளைகளின் தாய், மொட்டைமாடியில் கடன்காரர்களிடமிருந்து ஒளியும் ஓவியன். லிஃப்ட் ஒருநாளும் ஒழுங்காக ஓடுவதில்லை.

இதைச் சிரிப்புத் தொடர் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில், நகரங்களில் வீட்டுப் பஞ்சம் நிலவிய காலத்தில் அது வெளிவந்தது. சாக்கடையில் வாழ்பவரும் நிரம்பி வழியும் விடுதியும் வாசகர்கள் அன்றாடம் கண்ட நெருக்கடியின் மிகைப்படுத்திய வடிவங்கள். தணிக்கையும் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தது. தொடக்கத்தில் ஒரு வீட்டில், செயற்கை உயிர்களைப் படைக்கும் பித்துப்பிடித்த விஞ்ஞானி ஒருவர் இருந்தார். உயிரைப் படைப்பது இறைவனுக்கு மட்டுமே உரியது என்று தணிக்கை அதிகாரிகள் ஆட்சேபித்ததால், சில ஆண்டுகளில் அவர் வெளியேற்றப்பட்டு, அதே வீட்டில் ஒரு தையற்காரர் குடியமர்த்தப்பட்டார். குடித்தனக்காரரை மாற்றிய பிறகும் கட்டடம் அசையாமல் நின்றதே, அந்த அமைப்பின் வலிமைக்குச் சான்று.

கேள்வி (யாழ்ப்பாண வாசகர்): புத்தரும் இயேசுவும் அறைத்தோழர்களாக வரும் ஜப்பானியப் படக்கதை ஒன்று உண்டாமே? மதநம்பிக்கையுள்ளவர்கள் அதைப் படிக்கலாமா?

பதில்: ஹிக்காரு நக்கமுரா என்ற பெண் ஓவியர் 2006-இல் தொடங்கிய ‘செயின்ட் யங் மென்’ தொடரைக் குறிப்பிடுகிறீர்கள். அச்சிதழில் வந்த மங்கா அது. இருவரும் விடுமுறைக்காகப் பூமிக்கு வந்து, தோக்கியோவின் மேற்கே உள்ள தச்சிக்கவா நகரில் மலிவான ஓர் அடுக்குமாடி வீட்டில் தங்குகிறார்கள். புத்தர் செலவுக்குக் கணக்குப் பார்ப்பவர். இயேசு கண்டதையெல்லாம் ஆசையோடு வாங்குபவர். மனம் நெகிழ்ந்தால் புத்தரின் ஒளிவட்டம் அக்கம்பக்கத்தார் கண்ணில் பட்டுவிடுமோ என்ற பதற்றம் இருவருக்கும் ஓயாமல் உண்டு. 2009-இல் இத்தொடர் தெசுக்கா ஒசாமு கலாசார விருதின் சிறுபடைப்புப் பிரிவில் பரிசு பெற்றது.

என் கணிப்பில் இது பகைமையற்ற படைப்பு. இருவரில் எவரும் மற்றவரை மதமாற்ற முனைவதில்லை, எவரும் தோற்பதில்லை. ஒருவருடைய கருணையும் மற்றவருடைய கருணையும் ஒரு சிறிய அறைக்குள் முட்டிக்கொள்வதே அதன் நகைச்சுவை. ஆனாலும், வழிபடும் உருவத்தை வேடிக்கைச் சித்திரத்தில் காண விரும்பாத ஒருவரிடம் ‘இதைப் படித்தே ஆக வேண்டும்’ என்று நான் வற்புறுத்த மாட்டேன். அந்தத் தயக்கமும் மதிக்கப்பட வேண்டியதே.

கேள்வி (சென்னை வாசகி): இத்தகைய தொடர்கள் நாளடைவில் சலித்துவிடாதா?

பதில்: காலம் உறைந்து நின்றால் சலிக்கும். ஜப்பானிய ஓவியர் ரூமிக்கோ தக்கஹாஷியின் ‘மெசோன் இக்கொக்கு’ (1980–87) என்ற மங்கா, ஒரு பழைய விடுதியின் விசித்திரமான குடியிருப்பாளர்களைப் பற்றியது. பக்கத்து அறைக்காரர் சுவரை உடைத்துத் துளை செய்துகொண்டு மாணவன் கொதாயின் அறைக்குள் நுழைகிறார். படிக்க வேண்டிய நேரத்தில் எல்லோரும் அங்கே கூடிக் குடிக்கிறார்கள். ஆயினும் ஆண்டுகள் நகர்கின்றன, தேர்வுகள் வருகின்றன, வேலை கிடைப்பதில்லை, காதல் மெல்ல முதிர்கிறது, இறுதியில் திருமணமும் நடக்கிறது.

கேள்வி (மதுரை வாசகர்): நானும் இதுபோல் ஒரு கட்டடக் கதையை வரைய விரும்புகிறேன். பிறருடைய கதைமாந்தர்களைப் பயன்படுத்தச் சட்டம் இடம் தருமா?

பதில்: எந்தக் கதைமாந்தர் என்பதைப் பொறுத்து விடை மாறும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் இறந்த பின் 60 ஆண்டுகள்வரை அவருடைய நூலுக்கு உரிமை நீடிக்கும். 1885-இல் மறைந்த ஹ்யூகோ, 1927-இல் மறைந்த லெரூ, ஹோம்ஸைப் படைத்து 1930-இல் மறைந்த கோனன் டாய்ல் ஆகியோரின் மாந்தர்களை நீங்கள் தாராளமாகக் குடியமர்த்தலாம். திரைப்படத்துக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் கணக்கு. எனவே 1986-இல் பிறந்த பூத அரசன் 2046 முடியும்வரை உரிமையாளருக்கே சொந்தம். பகடிக்கென்று தனி விதிவிலக்கு எதுவும் நம் சட்டத்தில் எழுதப்படவில்லை. ரசிகர்கள் பணம் வாங்காமல் வரையும்போது உரிமையாளர்கள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. அது அவர்களுடைய பெருந்தன்மையே தவிர, உங்களுடைய உரிமையாகாது.

ஒரு நுட்பத்தையும் கவனியுங்கள். லெரூவின் நாவலில் எரிக்கின் முகமூடி முகம் முழுவதையும் மறைப்பது. நாம் எல்லோரும் அறிந்த வெள்ளைப் பாதி முகமூடி, அந்நாவலைத் தழுவிய 1986-ஆம் ஆண்டின் இசைநாடகத்தோடு புகழ்பெற்றது. நீங்கள் நாவலின் எரிக்கை மட்டுமே பின்பற்றுங்கள். அவ்வாறே, தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து வசனங்களை அப்படியே எடுக்காதீர்கள்; மூலம் பொதுவுடைமையாகிவிட்டாலும் மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை உண்டு.

முதலில் கட்டடத்தின் வரைபடத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். யார் வீட்டு மாடிப்படி யார் கதவைத் தாண்டிப் போகிறது, எத்தனை பேருக்கு ஒரு தண்ணீர்க் குழாய், எந்தச் சுவர் மெல்லியது என்பவை முடிவானதும், யாரை யாரோடு மோதவிடுவது என்பது உங்களுக்கே தெளிவாகிவிடும். இரண்டு வீடுகள், நான்கு பேர் என்று தொடங்குங்கள். ஐந்தாமவருக்குச் சாவி கொடுப்பதற்குமுன் முதல் நால்வரின் குரல்களும் பெயரில்லாமலே அடையாளம் தெரிகின்றனவா என்று வீட்டில் ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.