புழல் ஏரியில் இறங்கிய விமானத்துக்கு என்ன நிறம்?

மாதிரி விமானம் செய்பவர்களின் கேள்விகளுக்கு, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஐயா, நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா கேட்டலினா கடல் விமானத்தின் கிட் ஒன்று வாங்கி வந்தார். நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு அளவு. ஒட்டி, பட்டி வைத்துத் தேய்த்தும் முடித்துவிட்டேன். பெயின்ட் அடிக்கத்தான் கை வரவில்லை. பெட்டியில் மூன்று கலர் ஸ்கீம் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று, மேலே நீலச் சாம்பலும் கீழே வெளிர் சாம்பலுமாக ஓர் அமெரிக்க விமானம். இரண்டாவது, அதே அமெரிக்கக் கடற்படையில் முழுக்கக் கறுப்பாக ஒன்று. மூன்றாவது, முதுகில் இரண்டு விதக் கரும் சாம்பல், பக்கமும் வயிறும் வெள்ளை என்று ஒரு பிரிட்டிஷ் விமானம். கறுப்புதான் கெத்து என்கிறான் அண்ணன். எது நல்லா இருக்கும்?
— ஒரு வாசகி, புழல்

பதில்: கடிதத்தின் அடியில் ‘புழல்’ என்று பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன். மகளே, உங்கள் மேசையில் இருப்பது உங்கள் ஊர் விமானம்.

இரண்டாம் உலகப் போரில், 1942-லிருந்து பிரிட்டிஷ் விமானப் படையின் 240-ஆம் ஸ்குவாட்ரன் புழல் ஏரியில்தான் இருந்தது. அவர்கள் ஏடுகளில் ‘ரெட்ஹில்ஸ் லேக்’ என்று எழுதியிருப்பார்கள். நமக்குக் குடிதண்ணீர் தருகிற அதே ஏரி. அவர்களுடைய கேட்டலினாக்கள் அதில் எழும்பி, எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி வங்காள விரிகுடா மேல் மணிக்கணக்கில் சுற்றிவிட்டு, திரும்பி வந்து அதே தண்ணீரில் இறங்கும். என் அப்பா அப்போது மாதவரத்தில் மாடு மேய்க்கிற பையன். ஏரிக்கரை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போவாராம். “தண்ணி மேல கோடு கிழிச்சிக்கினே வந்து உக்காரும்டா. மேல ஏறுச்சின்னா றெக்கை ஓரத்துல தொங்குற மிதவைய கொக்கு கால மடக்குற மாதிரி மடக்கிக்கும்” என்பார். அந்த மிதவை மடங்கினால் இறக்கையின் நுனியாகவே ஆகிவிடும், உங்கள் கிட்டிலும் அது தனித் துண்டாக இருந்திருக்கும். என்ன கலர்ப்பா என்று நான் ஒருமுறை கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இவ்வளவுதான்: “மேல அழுக்கு, கீழ வெள்ளை.”

அதனால் மூன்றாவது ஸ்கீம். ஆனால் நீங்கள் கேட்ட ‘எது நல்லா இருக்கும்’ என்ற கேள்வியை மட்டும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். நல்லா இருக்கிறது என்று பார்த்தால் மூன்றும் நல்லாத்தான் இருக்கும். எந்த விமானம், எந்தத் தண்ணீர், எந்த வருடம் என்று முதலில் கேளுங்கள். அதற்கு விடை கிடைத்துவிட்டால் நிறத்துக்காக நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அண்ணன் சொல்கிற கறுப்பும் பொய்யில்லை. பசிபிக்கில், சாலமன் தீவுகள் பக்கம், ராத்திரியில் மட்டும் வேட்டைக்குப் போன கேட்டலினாக்களுக்கு அடித்தது அது. ‘பிளாக் கேட்’ என்றே பெயர். அந்த இருட்டுக்கு அது சரி. நீலச் சாம்பல், போரில் அமெரிக்கா இறங்கிய முதல் வருடத்தின் நிறம். இரண்டுமே புழலைப் பார்த்ததில்லை.

வெள்ளை ஏன் என்று அண்ணன் கேட்டால் இதைச் சொல்லுங்கள். நீர்மூழ்கிக் கப்பல்காரன் விமானத்தைக் கீழேயிருந்து, வெளுத்த வானத்துக்கு எதிரே பார்க்கிறான். விமானத்தின் வயிற்றில் நேர் வெயில் படாது, நிழல்தான். எங்கள் ஷாப்பில் ரயில் பெட்டியை உயரத்தில் நிறுத்தி அடியில் நின்று பார்த்தால், மேலே என்ன நிறம் அடித்திருந்தாலும் அடிப்பாகம் கறுப்பாகத்தான் தெரியும். அதே கணக்கு. வெள்ளை அடித்தால் அந்தக் கறுப்பு கொஞ்சம் தணிந்து வானத்தோடு சேரும், கப்பல்காரன் சுதாரித்து முழுகுவதற்குள் விமானம் இன்னும் கிட்டே போய்விடலாம். இரவு குண்டுவீச்சுக்கான கறுப்பு வயிற்றோடு கடலுக்கு வந்த விமானங்களை வெள்ளையாக்கச் சொன்னது இயற்பியல் அறிஞர் பேட்ரிக் பிளாக்கெட்டின் குழு. 1948-இல் நோபல் பரிசு வாங்கியவர். சுதந்திரத்துக்குப் பிறகு நேருவுக்குப் பாதுகாப்பு ஆராய்ச்சியில் ஆலோசனை சொல்ல நம் நாட்டுக்கும் வந்து போயிருக்கிறார். ஒரு டப்பா வெள்ளை பெயின்டுக்குப் பின்னால் இவ்வளவு யோசனை இருந்திருக்கிறது என்பது பெயின்டராக எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

இப்போது வருடம். இங்கேதான் கிட் பெட்டியில் இருக்கிற டெக்கால், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற சின்னங்கள், உங்களை மாட்டிவிடும். பிரிட்டிஷ் வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்புப் பொட்டு இருக்கும். ஜப்பான் விமானத்தின் சின்னமும் சிவப்பு வட்டம். அவசரத்தில் சிவப்பைப் பார்த்தவுடனே சொந்த ஆளே சுட்டுவிடுவான். அதனால் 1942-க்குப் பிறகு இந்தியா, பர்மா பக்கம் பறந்த பிரிட்டிஷ் விமானங்களில் சிவப்பை எடுத்துவிட்டு, வெளியே கருநீலம், நடுவில் வெள்ளையில் கொஞ்சம் நீலம் கலந்த வெளிர்நீலம் என்று மாற்றினார்கள். வாலில் இருக்கும் பட்டையிலும் அப்படியே. 1942 ஏப்ரல் 4-ஆம் தேதி இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டுபிடித்துத் தகவல் அனுப்பிய கனடா விமானி பர்ச்சாலின் கேட்டலினாவைச் செய்வதாக இருந்தால் சிவப்பு வேண்டும். அதற்கு அடுத்த சில நாளில்தான் ஜப்பான்காரன் வருகிறான் என்று சென்னையே ஊரைக் காலி செய்தது, எங்கள் பாட்டி வீடு உட்பட. உங்கள் புழல் விமானத்தை 1944 என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு கூடாது.

அந்த வட்டத்தை டெக்காலாகத் தேட வேண்டாம். மாஸ்கிங் டேப்பைக் கண்ணாடி மேல் ஒட்டி, காம்பஸில் பென்சிலுக்குப் பதில் ஊசியைப் பொருத்தி வட்டம் வெட்டுங்கள். முதலில் வெளிர்நீலம் அடித்து நன்றாகக் காய விட்டு, நடுவட்டத்தை டேப்பால் மூடி, மேலே கருநீலம். டேப்பை எடுக்கும்போது மேல்நோக்கி இழுக்காமல், அதன் மேலேயே மடித்துச் சாய்வாக உரியுங்கள். முதல் வட்டம் சொதப்பினாலும் நாலாவது நறுக்கென்று வரும்.

முதுகின் இரண்டு நிறத்துக்கு வருகிறேன். ஒன்றின் பெயர் எக்ஸ்ட்ரா டார்க் சீ கிரே. மழையில் நனைந்த அம்மிக்கல் மாதிரி, நீலம் ஒளிந்திருக்கும் கரும் சாம்பல். இன்னொன்று டார்க் ஸ்லேட் கிரே. இந்தப் பெயரை நம்பாதீர்கள். பெயரில்தான் கிரே. நிறம் என்னவோ பச்சை, வாடிக் காய்ந்த முருங்கைக் கீரையின் பச்சை. நான் முதன்முதலில் செய்த கேட்டலினாவில் பெயரைப் படித்துவிட்டு ஸ்லேட்டுப் பலகைச் சாம்பலைக் கலந்து அடித்தேன். இரண்டு சாம்பலும் ஒன்றோடொன்று கரைந்து முதுகு முழுக்க ஒரே நிறமாக நின்றது. தின்னர் போட்டு வழித்துவிட்டு மறுபடி பிரைமரிலிருந்து ஆரம்பித்தேன், ஒரு மாத வேலை. டப்பா வாங்கியதும் மூடியின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், ஒரு பிளாஸ்டிக் துண்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்துக் காயவைத்து, மொட்டை மாடியில் காலை ஒன்பது மணி வெயிலில் பாருங்கள். டியூப்லைட்டில் பார்க்கவே பார்க்காதீர்கள், அந்தப் பச்சை அங்கே செத்துவிடும்.

இன்னொன்று. மாதிரியை நாம் ஓர் அடி தூரத்தில் வைத்துப் பார்க்கிறோம். 30 சென்டிமீட்டரை 72-ஆல் பெருக்கினால் 21 மீட்டருக்கு மேல் வருகிறது. அத்தனை தூரத்தில் நிஜ விமானம் நின்றால் இடையில் இருக்கிற காற்றும் வெளிச்சமும் நிறத்தைக் கொஞ்சம் வெளுக்கும். அதனால் டப்பா நிறத்தை அப்படியே அடித்தால் பொம்மை கனத்துப் போய்த் தெரியும். என் கை அளவு, முதுகு நிறம் பத்துத் துளிக்கு ஒரு துளி வெள்ளை. வெள்ளையை எதைப் போட்டு வெளுப்பது? அதை இறக்க வேண்டும். சுத்த வெள்ளை டப்பாவில் குச்சி நுனியில் தொட்டுச் சாம்பல் விட்டுக் கலக்குங்கள். வீட்டுச் சுவர் வெள்ளை போய், ஏரித் தண்ணீரிலேயே கிடந்த படகின் வெள்ளை வரும்.

வெள்ளையை ஒரே கோட்டில் மூடிவிட நினைக்காதீர்கள். நாலு மெல்லிய கோட்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவே பொறுமை. வயிற்றில் தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே கொஞ்சம் பாசிக் கறை, எஞ்சினுக்குப் பின்னால் இறக்கை மேல் புகைக் கறை. அதற்கு மேல் அழுக்கு வேண்டாம்.

உங்கள் கிட்டில் சக்கரம் இருக்கிறதா என்று எழுதவில்லை. கேட்டலினாவில் சக்கரம் வைத்ததும் உண்டு, தண்ணீரை மட்டும் நம்பியதும் உண்டு. புழலுக்கு இரண்டாவது வகைதான் பொருத்தம். பக்கத்தில் சக்கரக் குழி இருந்தால் பிரைமருக்கு முன்னாலேயே பட்டி போட்டு அடைத்து, வாட்டர் பேப்பரால் சமமாக்கிவிடுங்கள்.

விமானத்தின் எண்ணை மட்டும் மனசுக்குத் தோன்றினபடி எழுதாதீர்கள், புகைப்படம் ஒன்று கிடைத்த பிறகு அதைப் பார்த்து எழுதுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் நடுவட்டத்து வெளிர்நீலம் வெள்ளையாகவே தெரியும், ஏமாந்துவிட வேண்டாம். முடித்ததும் இறக்கை நுனிக்கு நுனி 44 சென்டிமீட்டர் இருக்கும். ஏரிக்கரைக்கு எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர் பின்னால் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அப்பா இல்லை, நான் பார்க்கிறேன்.

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு. பள்ளிக் கண்காட்சிக்கு நிர்மல்ஜித் சிங் செகான் ஓட்டிய நாட் விமானம் செய்ய ஆசைப்படுகிறான். கடையில் கிடைத்த நாட் கிட்டின் பெட்டியில் சிவப்பு விமானம் போட்டிருக்கிறது. சிவப்புக்குப் பதில் நம் விமானப் படையின் நிறங்களை அடித்தால் போதும்தானே?
— ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: போதாது, ஐயா. பெட்டியில் இருப்பது ரெட் ஆரோஸ் என்ற பிரிட்டிஷ் சாகசக் குழுவின் விமானம். 1965-லிருந்து 1979 வரை அவர்கள் ஓட்டியது இரண்டு பேர் உட்காரும் பயிற்சி நாட். செகான் ஓட்டியது ஒற்றை இருக்கைப் போர் விமானம். மூக்கிலிருந்து இறக்கை வரை உடம்பே வேறு, அதைப் பெயின்டால் மாற்ற முடியாது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் தளத்தின் மேல் பாகிஸ்தானின் சேபர் ஜெட் விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருக்கும்போதே கிளம்பிப் போய் உயிரைக் கொடுத்தவர் அவர். விமானப் படையில் பரம்வீர் சக்ரா வாங்கிய ஒரே ஆள். அவர் பெயரை எழுதி வைக்கிற பொம்மையில் பின்னால் ஒரு காலி இருக்கை இருக்கக் கூடாது.

மகனிடம் இதைச் சொல்லுங்கள், பையன் புரிந்துகொள்வான். ஒற்றை இருக்கை நாட் கிட் தனியாக வருகிறது, காத்திருந்து வாங்குங்கள். அவருடைய 18-ஆம் ஸ்குவாட்ரன் 2020-இல் கோயம்புத்தூர் பக்கத்துச் சூலூரில் தேஜஸ் விமானத்துக்கு மாறியது என்பதையும் கண்காட்சி அட்டையில் எழுதச் சொல்லுங்கள். கையில் இருக்கிற கிட்டைச் சிவப்பாகவே செய்யட்டும். அடியில் சாம்பல் பிரைமர் வேண்டாம், அதன் மேல் சிவப்பு செங்கல் நிறமாகிவிடும். வெள்ளை அடித்துக் காய்ந்த பிறகு சிவப்பு. அப்போதுதான் நிறம் கண்ணைப் பறிக்கும்.

கேள்வி: போன வாரம் மழை நாளில் மிக்-21 ஒன்றுக்கு லேக்கர் ஸ்ப்ரே அடித்தேன். காய்ந்ததும் கரும்பச்சை மேல் சாம்பல் பூசின மாதிரி வெளுத்துவிட்டது. நிறத்தையே தப்பாக வாங்கிவிட்டேனா?
— ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: நிறத்தில் தப்பில்லை, தம்பி. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பெயின்டின் மேல்பக்கம் சில்லென்று ஆகும். திருவொற்றியூர் கடல் காற்றில், அதுவும் மழை நாளில், ஈரம் அப்படியே அதன் மேல் படிந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். எங்கள் ஷாப்பில் இதைப் ‘பூத்துப்போச்சு’ என்போம். அவசரப்பட்டு மேலே இன்னொரு கோட்டு அடித்துவிடாதீர்கள். மழை விட்டு நல்ல வெயில் வந்த நாளில், கார் பெயின்ட் விற்கிற கடையில் ரிட்டார்டர் தின்னர் என்று கேட்டு வாங்குங்கள், மெதுவாக ஆவியாகும் தின்னர் அது. முதலில் பழைய பிளாஸ்டிக் துண்டில் சோதித்துப் பார்த்துவிட்டு, ஏர்பிரஷில் பனி மாதிரி ஒரே ஒரு தடவை ஓட்டினால் மேல் பூச்சு இளகி, மாட்டிக்கொண்ட ஈரம் வெளியேறி, பச்சை திரும்ப வரும். ஈரம் ஆழமாக இறங்கிவிட்டிருந்தால் மட்டும் வாட்டர் பேப்பரால் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை முடிகிற வரைக்கும் ஒட்டுகிற வேலை, பட்டி வேலை எல்லாம் பாருங்கள். ஸ்ப்ரே டப்பாவைத் தை பிறந்த பிறகு எடுத்தால் போதும்.