கூரை ஏ.சி. இல்லாமல் பயண டிரெய்லரைக் குளிர்விக்க முடியுமா?

அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் நிறுத்தப்போகும் பயண டிரெய்லருக்கு, அதாவது வண்டியில் கட்டி இழுத்துச் செல்லும் நடமாடும் வீட்டுக்கு, கூரை ஏ.சி.க்கு மாற்று கேட்டிருக்கிறீர்கள். மே, ஜூனில் அங்கே காற்று வறண்டு கிடக்கும். ஏர் கூலரே போதும். ஈர அட்டை வழியே காற்று நுழையும்போது நீர் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் கூலர்களே கிடைக்கின்றன. ஆனால் எதிர்ப்பக்க ஜன்னலைக் கட்டாயம் திறந்துவையுங்கள். அடைத்தால் ஈரம் தேங்கி, படுக்கை விரிப்பு பிசுபிசுக்கும்.

ஜூலையில் பருவமழை தொடங்கினால் கூலர் கைவிட்டுவிடும். ஃபுளோரிடா போன்ற ஈரப்பதம் மிகுந்த இடங்களிலும் அதே கதைதான். அங்கெல்லாம் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏ.சி.யைத்தான் பரிந்துரைப்பேன். சத்தமும் மின்செலவும் குறைவு. அதன் வெளி யூனிட்டை டிரெய்லரின் முன்புற இரும்புச் சட்டத்தில், அதிர்வு தாங்க ரப்பர் கொடுத்துப் பொருத்துங்கள். எதை வாங்கினாலும், முதலில் வண்டியை நிழலில் நிறுத்துங்கள்.